கரியப்பனின் முதுகு

1

இந்தக் கதை ஒரு கட்டுரையிலிருந்து வந்தது. அந்தக் கட்டுரையை எழுதியவனும் நான்தான். 1955ஆம் வருடம் ஆனி மாதம், சென்னையிலிருந்து வரும் ஒரு வாரப் பத்திரிகையில் 'பரிசலில் மூன்று நாள்' என்ற தலைப்பில் நான்கு பக்கம் அச்சானது. ஆறு படங்கள். பாறைமேல் வாயைப் பிளந்து கிடக்கும் முதலை, சிறகை விரித்துக் காயவைக்கும் நீர்க்காகம், குட்டிகளோடு ஒரு நீர்நாய் என்று எல்லாம் காவிரிக் கரையில் எடுத்தவை. படம் எடுத்தவர் ஓசூரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் என் நண்பர் திம்மப்பன்.

அந்தக் கட்டுரையின் கடைசி வரி இது: "மூன்றாம் நாள் மாலை எங்கள் பயணம் இனிதே நிறைவுற்றது."

மூன்றாம் நாள் காலை பத்து மணி சுமாருக்கு, எங்கள் பரிசலை ஓட்டிவந்த கரியப்பன் செத்துப்போனான்.

'இனிதே' என்ற சொல்லைப் பத்திரிகைக்காரர்கள் சேர்த்துவிட்டார்கள் என்று இந்தக் கதையின் முதல் பிரதியில் எழுதியிருந்தேன். அவர்கள் சேர்க்கவில்லை. அது என் கையெழுத்திலேயே இருந்தது.

2

தொடக்கங்கள் மூன்று எழுதிப் பார்த்தேன். அடித்ததையும் காட்டிவிடுகிறேன்.

"சித்திரை வெயிலில் காவிரி உருக்கிய வெள்ளியைப் போல—" [வேண்டாம். காவிரி அன்று கலங்கிய மண் நிறத்தில் இருந்தது.]

"அன்று காலையிலிருந்தே கரியப்பனுக்கு ஏனோ மனம் சரியில்லை—" [எனக்கு எப்படித் தெரியும்? அவன் மனம் எப்படி இருக்கிறது என்று மூன்று நாளில் ஒருமுறையும் நான் கேட்கவில்லை.]

"என் பெயர் சின்னராஜ். தளியில் பள்ளிக்கூட வாத்தியார்." [இதை வைத்துக்கொள்ளலாம். குறைந்தபட்சம் இது உண்மை.]

இன்னொன்று. கரியப்பன் என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவன். இப்போது எழுதும்போது 'அவர்' என்று மாற்றிப் பார்த்தேன். படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பரிசலில் அவனை 'வா, போ, நிறுத்து' என்றுதான் கூப்பிட்டேன். செத்தபிறகு கொடுக்கும் மரியாதை எனக்குத்தான் உதவும், அவனுக்கு உதவாது. ஆகையால் 'அவன்' என்றே இருக்கட்டும்.

3

போகலாம் என்று கிளப்பியவர் திம்மப்பன். ஸ்டுடியோவில் கல்யாண ஜோடிகளையும், நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்த பிணங்களையும் படமெடுத்து அவருக்கு அலுத்துவிட்டது.

"உசுரோட அசையிறது ஒண்ணுகூட எங் கேமரா முன்னால வந்ததில்ல வாத்தியாரே. கல்யாணப் பொண்ணுகூட மூச்ச புடிச்சிக்கிட்டுத்தான் நிக்குது," என்பார்.

எனக்குப் பத்திரிகையில் பெயர் வரவேண்டும். அதற்கு முன் இரண்டு கட்டுரைகள் திரும்பி வந்திருந்தன. கோடை விடுமுறை. அஞ்செட்டி வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து மாட்டுவண்டியில் காட்டுப் பாதையாக ஆற்றுக்கு இறங்கினோம். துறையில் பரிசலைக் கவிழ்த்துப்போட்டுத் தார் பூசிக்கொண்டிருந்தவன் கரியப்பன். ஒகேனக்கல் வரை மெதுவாகப் போகவேண்டும், மிருகங்களைப் பார்த்த இடத்தில் நிறுத்தவேண்டும் என்று சொன்னோம். சரி என்றான்.

பரிசல் ஓட்டுகிறவன் முன்பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, துடுப்பால் தண்ணீரைத் தன் பக்கம் இழுத்து இழுத்துப் போவான். பின்னால் உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரிவது முதுகுதான். மூன்று நாளும் நான் பார்த்தது கரியப்பனின் முதுகை.

திம்மப்பனுக்கோ அந்த முதுகும் தலையும் பெரிய தொல்லை. அவருடைய கேமராவில் தொலைவில் இருப்பதைக் கிட்டே இழுக்கும் கண்ணாடி கிடையாது. பக்கத்தில் போய்த்தான் எடுக்கவேண்டும். பக்கத்தில் போனால் பரிசல்காரன் குறுக்கே வருவான்.

"குனிப்பா! தல மறைக்குது."

கரியப்பன் குனிவான். நீர்க்காகம். "குனி." முதலை. "இன்னும் கொஞ்சம் குனி." ஒரு தடவை மட்டும் திரும்பாமலே சொன்னான்: "நான் குனிஞ்சே கெடந்தா பரிசல யாருங்க ஓட்றது?" நாங்கள் சிரித்தோம். அவனும் சிரித்திருப்பான். தோள் குலுங்கியது.

இரண்டாம் நாள் ஒரு மடுவின் ஓரம் நீர்நாய்க் கூட்டத்தைப் பார்த்தோம். கரியப்பன் பரிசலைப் பாறை இடுக்கில் செருகிவிட்டு, சமையலுக்கு வைத்திருந்த மீனில் நான்கை எடுத்து ஒவ்வொன்றாக எறிந்தான்.

"இதுக்குப் போயி ஏன்யா மீனு?" என்றேன்.

"நம்ம வலையக் கிழிக்கிறதே இந்த நாயிங்கதாங்க. கண்டா கல்லால அடிப்பேன். இப்ப குட்டி போட்டிருக்குது. குட்டி தானா மீனு புடிக்கிற வரைக்கும் அடிக்கிறதில்ல."

அந்த நான்கு மீன்களால்தான் நீர்நாய் தண்ணீரை விட்டு வெளியே வந்தது. பத்திரிகையில் முதல் பக்கத்தில் பெரிதாகப் போட்ட படம் அதுதான். அதன் கீழே 'நண்பர் திம்மப்பனின் பொறுமைக்குக் கிடைத்த பரிசு' என்று நான் எழுதினேன்.

4

இந்தப் பகுதியை ஏழு முறை எழுதினேன்.

மூன்றாம் நாள் காலை ஆறு ஒரு பெரிய வளைவில் திரும்பியது. மைசூர்ப் பக்கக் கரையில் மூங்கில் காட்டை ஒட்டி யானைகள் தண்ணீரில் இறங்கி நின்றன. ஐந்து. நடுவில், தாயின் வயிற்றுக்கடியில், துதிக்கையை என்ன செய்வதென்று தெரியாமல் ஆட்டிக்கொண்டு ஒரு கன்று.

கரியப்பன் துடுப்பை நிறுத்தினான்.

"இங்கிருந்து எடுத்தா எறும்பு மாதிரிதான் விழும்," என்றார் திம்மப்பன். அவர் ஆறாவது ரோலைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"கிட்டப் போ," என்றேன் நான்.

"பேடா, வேணாங்க வாத்தியாரே. மரி கூட இருக்குது. கன்னு இருந்தா தாயி ஆத்துக்குள்ளயே வந்துரும்." பயம் வந்தால் அவன் பேச்சில் கன்னடம் கலந்துவிடும்.

இதற்கு அடுத்த வரிதான் விஷயம்.

முதல் பிரதி: "'பயந்தவன் எதுக்குப் பரிசல் ஓட்ட வந்தே?' என்றார் திம்மப்பன்."

மூன்றாம் பிரதி: "'பயந்தவன் எதுக்குப் பரிசல் ஓட்ட வந்தே?' என்று பரிசலில் ஒரு குரல் கேட்டது."

ஆறாம் பிரதியில் அந்த வரியே இல்லை. கரியப்பன் தானாகவே பரிசலைக் கிட்டே கொண்டுபோனான் என்று இருந்தது.

சொன்னது நான்தான். திம்மப்பன் தலை நிமிர்ந்து, "விடு வாத்தியாரே, இருக்கிறதே போதும்," என்றுகூடச் சொன்னார். எனக்குப் போதவில்லை. யானையோடு முடியும் கட்டுரை என் தலைக்குள் ஏற்கெனவே எழுதி முடிந்திருந்தது. கடைசிப் பத்திக்கு யானை வேண்டியிருந்தது.

நான் அப்படிச் சொன்னதும் கரியப்பன் திரும்பினான். மூன்று நாளில் அந்த ஒரே முறைதான் அவன் முகத்தை முழுதாக என்னிடம் காட்டினான். ஒரு கை நீட்டினால் தொடும் தூரம். நான் அவன் தோளுக்கு மேலாகக் கன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் மறுபடி முன்னால் திரும்பித் துடுப்பைப் போட்டான்.

இருபது கஜம் போயிருப்போம். திம்மப்பன் இரண்டு படம் எடுத்தார். மூன்றாவதற்கு "குனி" என்றார். கரியப்பன் குனிந்தான். அப்போது தாய் யானை காதை விரித்துக்கொண்டு தண்ணீரைக் கிழித்து வந்தது. சத்தமே போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் ஒரு நொடியாவது முன்னால் தெரிந்திருக்கும்.

பரிசல் ஆழமில்லாத இடத்தில் மணல் தட்டி நின்றுவிட்டது. துடுப்பு உதவவில்லை. கரியப்பன் முழங்காலளவு தண்ணீரில் குதித்து, பரிசலின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து, முழு பலத்தோடு நடு ஆற்றுக்குத் தள்ளினான். நீரோட்டம் எங்களை வாங்கிக்கொண்டது. பரிசல் சுழன்றது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு காட்சி: யானையும் அவனும், கரை, யானை மட்டும், கரை.

கீழே ஒரு பாறையில் மோதிக் கவிழ்ந்தோம். எப்படியோ நானும் திம்மப்பனும் பாறையைப் பிடித்து ஏறினோம். கரையோரமாக ஓடித் திரும்பி வந்தபோது யானைகள் போய்விட்டிருந்தன. தண்ணீர் கலங்கியிருந்தது. "கரியப்பா" என்று கூப்பிட்டேன். அவனை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

5

அவன் தம்பி கங்கப்பனும் ஊர்க்காரர்களும் வந்து மூன்று நாள் தேடினார்கள். மூங்கில் கழியால் மடு மடுவாகக் குத்திப் பார்த்தார்கள். துடுப்பு கிடைத்தது. உடம்பு கிடைக்கவில்லை. அந்த மடுக்களில் முதலை உண்டு. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

விசாரிக்க வந்தவர்கள், எந்தக் கரையில் செத்தான் என்று கேட்டார்கள். இந்தக் கரை என்றால் சென்னை ராஜ்யம், அந்தக் கரை என்றால் மைசூர். "நடு ஆத்துல," என்றான் கங்கப்பன். அதை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

மெழுகு வைத்து மூடிய தகர டப்பா மட்டும் மிதந்துபோய் வேரில் சிக்கியிருந்தது. அதில் ஐந்து ரோல்கள் பத்திரமாக இருந்தன. ஆறாவது ரோல் கேமராவுக்குள், கேமரா ஆற்றுக்குள். ஆக, அந்த யானையும் கன்றும் எந்தப் படத்திலும் இல்லை.

[இங்கே கதாசிரியன் வருந்தியதாக ஒரு பத்தி இருந்தது. நன்றாகவும் இருந்தது. அதனாலேயே எடுத்துவிட்டேன்.]

6

கட்டுரை வெளிவந்து பத்து நாள் கழித்து நான் ஓசூரில் திம்மப்பனின் ஸ்டுடியோவில் இருந்தேன். கரியப்பனின் மனைவி செல்லி கங்கப்பனோடு வந்தாள். நெற்றியில் பொட்டு இருந்தது.

"பிடிச்ச படம் எல்லாம் காட்டுங்க," என்றாள்.

திம்மப்பன் அறுபது படங்களையும் மேஜைமேல் பரப்பினார். அவள் ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள். "இது ரெண்டாம் மடு." "இந்த நாயிக்கு ஒரு காது கிழிஞ்சிருக்கும், பாருங்க, இருக்குது." அறுபதும் பார்த்து முடித்தபிறகு கேட்டாள்: "எங்க ஊட்டுக்காரரு எதுல?"

திம்மப்பன் என்னைப் பார்த்தார். ஒரு படத்தின் ஓரத்தில் தலைத்துண்டின் நுனி மங்கலாக இருந்தது. இன்னொன்றில் துடுப்பின் முனை மட்டும். அவ்வளவுதான். நாங்கள்தான் குனியச் சொல்லியிருந்தோமே.

"ஒடம்பு கெடைக்கல," என்றாள் செல்லி. "படமாச்சும் இருந்தா மாலை போட்டு, அழுதுட்டு, பொட்ட அழிச்சிருவேன். ஊர்ல கேக்குறாங்க. நான் எதப் பாத்துங்க அழிக்கிறது?"

திம்மப்பன் நல்லவர். இதையும் சொல்லிவிட வேண்டும். அவர் உள்ளே போய் இருட்டறையில் நெடுநேரம் நின்றுவிட்டு வந்து, ஒரு யோசனை சொன்னார். அண்ணனும் தம்பியும் ஒரே ஜாடை. கங்கப்பனை உட்காரவைத்து எடுத்து, கரியப்பனைப்போல மீசையை நரைக்கவைத்து, கன்னத்தை ஒடுக்கித் தூரிகையால் திருத்திவிடலாம். ஸ்டுடியோக்காரர்கள் செய்வதுதான்.

கங்கப்பன் அண்ணன் உட்காருவதுபோல உட்கார்ந்தான். செல்லி பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தாள்: "கழுத்த அப்பிடி நீட்ட மாட்டாரு. வாய மூடு." ஒரு வாரத்தில் சட்டம் போட்ட படம் அவள் ஊருக்குப் போனது.

இருபது நாளில் திரும்பி வந்தது.

"மாலை போட்ட அன்னிக்கே கங்கப்பனுக்குக் காய்ச்சல்," என்று திம்மப்பனிடம் சொன்னாளாம் செல்லி. "எம் புருசன் உசுரோட இருக்கச்சே மாலை போடுறியான்னு அவம் பொண்டாட்டி தலையில அடிச்சிக்கிட்டு அழுவறா. எனக்கும் பாக்கப் பாக்க கொழுந்தன்தான் தெரியுறான். அவர் வரலிங்க."

7

செல்லி என்ற பாத்திரத்தின்மேல் எனக்கே சந்தேகம் வருகிறது. இப்படியெல்லாம் ஒரு பெண் பேசுவாளா, வாத்தியார் தன் குற்ற உணர்ச்சியை அவள் வாயில் ஏற்றுகிறானா என்று நீங்கள் நினைக்கலாம். அவள் கத்தியிருந்தால் எழுத எளிதாக இருந்திருக்கும். மண்ணை வாரித் தூற்றியிருந்தால் நான் தலைகுனிந்து நின்றதாக எழுதி முடித்திருப்பேன். அவள் கேட்டதெல்லாம் செய்யக்கூடிய, சின்னச் சின்னக் காரியங்கள். எதையும் எங்களால் செய்ய முடியவில்லை.

ஆவணி மாதம், மத்தியானச் சாப்பாட்டு நேரம், தளிப் பள்ளிக்கூடத்துக்கு அவள் தனியாக வந்தாள். பிள்ளைகள் வெளியே இருந்தார்கள். வகுப்பின் வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"நீங்க எழுதறவராமே," என்றாள். "அவரு மூஞ்சிய எழுதிக் குடுங்க. எங்க ஊர்ல படிக்கத் தெரிஞ்சவரு ஒருத்தரு இருக்காரு. காரியத்தன்னிக்கு எல்லாரும் கேக்கப் படிக்கச் சொல்றேன். நீங்க கடைசி வரைக்கும் கூட இருந்தவங்க."

உட்கார்ந்து எழுதினேன். படித்துக் காட்டினேன்: "கறுத்த நிறம். நடுத்தர உயரம். அகன்ற நெற்றி. அமைதியான கண்கள்—"

"இது எங்க ஊர்ல யாருக்கு வேணாலும் ஆவுமே," என்றாள்.

அவள் சொன்னது சரி. கண்ணை மூடிப் பார்த்தேன். கரியப்பனின் முகம் வர வேண்டிய இடத்தில் ஒரு யானைக்கன்று துதிக்கையை ஆட்டிக்கொண்டு நின்றது. வேறு தாளை எடுத்தேன். எனக்குத் தெரிந்ததை எழுதினேன். இடது தோள்பட்டைக்குக் கீழே கையகலத் தேமல். முதுகுத்தண்டு, துடுப்பை இழுக்கும்போதெல்லாம் கொஞ்சம் வலப்பக்கம் சாயும். கழுத்தின் பின்னால் வெயிலில் வெடித்த மூன்று கோடு. சிரித்தால் தோள் முதலில் குலுங்கும், சத்தம் பிறகு வரும்.

படிக்கப் படிக்க அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். "ஆமா. ஆமாங்க. அவருதான்." முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அழுதாள். பிறகு, "முதுகுக்காங்க மாலை போடுறது?" என்றாள்.

(இந்த வரியை நான் கற்பனை செய்யவில்லை. செய்திருந்தால் இவ்வளவு நன்றாக வந்திருக்காது.)

எழுந்திருக்கப் போனவள் மறுபடி உட்கார்ந்தாள். "கடைசியா எதாச்சும் சொன்னாரா?"

சொன்னான். வேண்டாம் என்று சொன்னான். கன்று இருக்கிறது என்று சொன்னான். அதை அவளிடம் சொன்னால் அடுத்து அவள் என்ன கேட்பாள்? அப்புறம் ஏன் போனாரு? அதற்கு யார் என்ன சொன்னது?

"உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான்," என்றேன்.

"எம் பேரையா?"

"ஆமாம். செல்லி, செல்லின்னு."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். கோபமே இல்லை.

"பதினோரு வருசத்துல ஒருவாட்டிகூட அவரு எம் பேரச் சொன்னதில்லிங்க. 'இந்தா'ன்னுதான் கூப்புடுவாரு."

மணி அடித்தது. பிள்ளைகள் உள்ளே ஓடி வந்தார்கள். அவள் தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "சரிங்க," என்று எழுந்து பஸ் நிற்கும் பக்கமாக நடந்தாள். நான் கரும்பலகையில் தேதி எழுதினேன்.

8

முடிவுகள்.

ஒன்று: ஓடிப்போய்ப் பஸ்ஸை நிறுத்தி உண்மையைச் சொல்கிறேன். அவள் மன்னிக்கிறாள். [ஏழைப் பெண்கள் கதைகளில் சுலபமாக மன்னித்துவிடுகிறார்கள். எழுதுகிறவனுக்கு அது தேவைப்படுகிறது. அடித்துவிட்டேன்.]

இரண்டு: பல மைல் கீழே, ஏதோ ஒரு துறையில், ஞாபகம் இழந்த ஒருவன்— [இல்லை. அவன் செத்துவிட்டான்.]

மூன்றாவது, நடந்தது. அந்த வருடமே செல்லி ஊரைவிட்டுப் போய்விட்டாள். கிருஷ்ணகிரிப் பக்கம் அணை வேலைக்கு மண் சுமக்கப் போனதாகச் சொன்னார்கள். பொட்டை அழித்தாளா, காரியம் நடந்ததா, யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. இரண்டு வருடம் தள்ளிப்போட்டுவிட்டு, 1957இல் ஒருநாள் லீவு போட்டுக்கொண்டு போனேன். நூற்றுக்கணக்கான பெண்கள், தலையில் மண்கூடையோடு, வரிசையாக ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும் இருந்தார்கள். மேஸ்திரியிடம் பெயரைச் சொன்னேன். அவர் கையை வாயில் குவித்துக் கூப்பிட்டார். மூன்று செல்லிகள் வந்து நின்றார்கள். மூன்று பேருக்கும் முடியெல்லாம், முகமெல்லாம் செம்மண். நெற்றியில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

மூன்று முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். எனக்கு அடையாளம் தெரியவில்லை. என் எதிரே அரைமணி நேரம் உட்கார்ந்து அழுதவள். அவள் முகத்தையும் நான் பார்த்து வைக்கவில்லை.

"யாருங்க வேணும்?" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி சிரித்தாள். மூன்றாமவள் என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சும்மாட்டைச் சரிசெய்து, கூடையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு மேட்டில் ஏறினாள். அவளைக் கூப்பிட வாயெடுத்தேன். கூப்பிட்டு, அவள்தான் என்று ஆகிவிட்டால் சொல்ல வேண்டிவரும். "இவங்க யாரும் இல்லை," என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினேன்.

திம்மப்பன் ஸ்டுடியோவை விற்றுவிட்டு, பேரிகை என்ற ஊரில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். நான் அந்தப் பக்கம் போவதில்லை.

9

எனவே இந்தக் கதைக்கு முடிவு எழுதும் யோக்கியதை எனக்கு இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்திக்குச் சொல்லவேண்டியதை, அவளைத் தவிர மற்ற எல்லோருக்கும் எழுதிவிட்டேன். ஒன்பது பகுதியும் எழுதும்போது அது எனக்குத் தெரிந்தேதான் இருந்தது.

அணை கட்டி முடித்துவிட்டார்கள். கூலிக்கு வந்தவர்கள் எங்கெங்கோ போயிருப்பார்கள். காவிரித் துறையைச் சேர்ந்த, செல்லி என்று பேருள்ள ஒருத்தியை நீங்கள் எங்காவது பார்த்தால், புருஷன் ஆற்றோடு போனவள்தானா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் படித்துக் காட்டுங்கள். அவள் என்ன சொல்கிறாளோ அதுதான் முடிவு. எனக்கு எழுதிப் போட வேண்டாம்.

நாலாம் பகுதியை மட்டும் விட்டுவிடாதீர்கள். நான் படித்தால் விட்டுவிடுவேன்.